அப்பலாச்சிய மலைநாட்டுத் தொழிலாளர் வரலாறும் அதன் ஆவணங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர். அதன் நடுப்பகுதியாகிய மேற்கு வர்ஜீனியா, கிழக்குக் கெண்டக்கி, கிழக்கு டென்னசி, தென்மேற்கு வர்ஜீனியா ஆகிய நிலப்பரப்பின் அடியில் நிலக்கரி மிகுதியாகப் படிந்துள்ளது. அந்நிலக்கரியை அகழ்ந்தெடுத்த மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடத்திய போராட்டங்களைக் குறித்தும், அவர்களிடையே பரவிய சமதருமக் கொள்கையைக் குறித்தும் இன்று நூல்கள் பல வெளிவந்துள்ளன. அந்நூல்களுக்கு அடிப்படையான ஆவணங்கள் எவ்வாறு தோன்றின, எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றன, அவற்றை எத்துணை நம்புதல் தகும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் கண்ட முடிபை முற்கூறிவிடுதல் நன்று. இத்தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றைப் பெரும்பகுதி எழுத்தில் காத்துத் தந்தவர் அவ்வியக்கத்தை ஒடுக்க முயன்றவரே ஆவர்.

மலைநாட்டு மக்களைப் பற்றிப் பிற பகுதியினர் கொண்டிருந்த கருத்தை முதற்கண் நோக்குதல் வேண்டும். கெண்டக்கியிலுள்ள பெரியா கல்லூரியின் தலைவராக விளங்கிய வில்லியம் குடெல் பிராஸ்ட் என்பார் 1899 ஆம் ஆண்டில் 'அட்லாண்டிக் மன்த்லி' என்னும் திங்களிதழில் ஒரு கட்டுரை வரைந்தார். மலைவாழ் மக்களை 'நம் காலத்து முன்னோர்' எனப் பொருள்படும் தொடரால் அவர் குறித்தார். உலக ஓட்டத்தில் கலவாது, பழைய பேச்சும் பழைய வாழ்வும் மாறாது நிற்பவர் என்பது கருத்து. அவ்வுரையில் பரிவு உண்டு. வரலாற்று உணர்வு இல்லை. அவர் அக்கட்டுரையை வரைவதற்கு எட்டாண்டுகட்கு முன்பே, 1891 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், டென்னசியின் கோல் கிரீக் பள்ளத்தாக்குச் சுரங்கத் தொழிலாளர் படைக்கலம் ஏந்தித் திரண்டனர். சிறைக் கைதிகளைக் குத்தகைக்கு வாங்கிக் கூலியின்றிச் சுரங்கத்தில் இறக்கும் முறையை எதிர்த்த அவர்கள், அக்கைதிகளைப் புகைவண்டியில் ஏற்றி நாக்ஸ்வில் நகருக்குத் திருப்பி அனுப்பினர். அப்போராட்டம் 1892 வரை நீடித்தது. சில ஆண்டுகளில் டென்னசி அரசு அக்குத்தகை முறையையே கைவிட்டது. பழமையில் உறங்கிய மக்கள் செய்யும் செயலோ இது?

பிராஸ்ட் தீட்டிய ஓவியம் பின்னர் வேறொரு வகையில் பயன்பட்டது. மலைமக்கள் தாமாகக் கிளர்ந்தெழார்; எழுந்தாராயின் வெளியிலிருந்து புகுந்த கிளர்ச்சிக்காரரே அதற்குக் காரணம் என்னும் வாதம் சுரங்க முதலாளிகளுக்கும் அரசுக்கும் கைகொடுத்தது. வழக்குமன்றங்களிலும் செய்தித்தாள்களிலும் அடுத்த எழுபது ஆண்டுகள் இவ்வாதமே திரும்பத் திரும்ப ஒலிக்கக் காண்கின்றோம். ஆவணங்களை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து இது நிலைபெறாது. இன்று அதே பெரியா கல்லூரியின் நூலகத்திலேயே மலைநாட்டுச் சீர்திருத்த இயக்கங்களின் ஏடுகள் பல காக்கப்படுகின்றன என்பது சுவையான செய்தி.

கம்பெனி ஊரும் அதன் எழுத்தும்

1873 ஆம் ஆண்டில் செசபீக்-ஒகையோ இருப்புப்பாதை மேற்கு வர்ஜீனியாவை ஊடறுத்து ஒகையோ ஆறுவரை முடிக்கப்பட்டது. 1883 இல் நார்போக்-வெஸ்டர்ன் இருப்புப்பாதை போக்கஹான்டஸ் நிலக்கரி வயலைத் திறந்தது. அதன்பின் ஆளரவம் குறைந்த பள்ளத்தாக்குகளில் ஊர்கள் விரைந்து தோன்றின. அவை கம்பெனிகள் எழுப்பிய ஊர்கள். வீடு கம்பெனியுடையது; கடை கம்பெனியுடையது; மருத்துவரும் பல இடங்களில் போதகரும் கம்பெனியிடம் ஊதியம் பெற்றவர். கூலியின் ஒரு பகுதி, கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும் வில்லைகளாகத் தரப்பட்டது. வேலை போயின் வீடும் அன்றே போகும். உள்ளூர் வெள்ளையர், தெற்கிலிருந்து வந்த நீக்ரோ மக்கள் என அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பினத்தவர், இத்தாலியர், அங்கேரியர் எனப் பல இனத்தார் இவ்வூர்களில் வாழ்ந்தனர்.

இத்தகைய ஊரில் எழுதுபவர் யார்? கம்பெனியின் கணக்கரே. வாரந்தோறும் தொழிலாளியின் பெயருக்கு எதிரே அவன் வெட்டிய கரியின் அளவும், வாடகை, மருத்துவம், வெடிமருந்து, கடைப்பற்று ஆகியவற்றுக்காகக் கழித்த தொகையும் பேரேட்டில் ஏறின. தொழிலாளியின் வறுமைக்கு அப்பேரேட்டினும் நேரிய சான்று பிறிதில்லை. ஆயின் அவ்வேடு அவன் என்ன எண்ணினான் என்பதைச் சொல்லாது. தொழிலாளர் தம் கையால் எழுதி வைத்த ஏடுகள் மிகமிகச் சிலவே. கல்லாமை ஒரு காரணமாகலாம். அதனை மட்டுமே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. சங்கத்தில் சேரேன் என உறுதி எழுதி வாங்கிய பின்னரே பல சுரங்கங்களில் வேலை தரப்பட்டது. உறுப்பினர் பட்டியலொன்று காவலர் கையிற் சிக்கின் அதிற் கண்ட குடும்பங்கள் எல்லாம் தெருவில் நிற்கும். ஆதலின் எழுதாமையையே அவர்கள் காவலாகக் கொண்டனர் எனக் கருதுதல் தகும். பிற்கால ஆய்வாளன் அவ்விடத்தில் காணும் வெற்றிடம் அறியாமையின் அடையாளமன்று, அச்சத்தின் அடையாளம், விழிப்பின் அடையாளமும் ஆகும்.

மார்கன்டவுன் நகரில் மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வட்டார வரலாற்று நிலையம் இத்துறை ஆவணக் களரிகளுள் தலையாயது. ஜஸ்டஸ் காலின்ஸ் என்னும் சுரங்க முதலாளியின் கடிதக் கட்டுகள் அங்கே உள்ளன. கூலியாட்களை எங்கிருந்து கொணர்வது, எவ்வினத்தாரை எவ்வினத்தாரோடு கலந்து வைத்தால் ஒற்றுமை உண்டாகாது, சங்க அமைப்பாளர் நடமாட்டத்தை எவ்வாறு அறிவது என்பன போன்ற செய்திகளை முதலாளிகள் தம்முள் ஒளிவின்றி எழுதிக்கொண்டனர். வெளியார் படிப்பார் என்று எண்ணாது எழுதப்பட்டமையாலேயே அக்கடிதங்களுக்கு மதிப்பு மிகுதி. மேடையில் அவர்கள் பேசியது வேறு. தாளில் எழுதியது வேறு.

பெயின்ட் கிரீக் போராட்டம், 1912-13

கனாவா வட்டத்தைச் சார்ந்த பெயின்ட் கிரீக், கேபின் கிரீக் ஆகிய இரு பள்ளத்தாக்குகளில் 1912 ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிலாளர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கூடாரங்களில் குடியேறினர். பால்டுவின்-பெல்ட்ஸ் என்னும் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் சுரங்கக் காவலராக வந்து நின்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஆளுநர் கிளாஸ்காக் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். குடிமக்கள் படைத்துறை மன்றத்தின்முன் நிறுத்தப்பட்டனர். 1913 பிப்ரவரி 7 ஆம் நாள் இரவு, இரும்புத்தகடு வேய்ந்து இயந்திரத் துப்பாக்கி பொருத்திய புகைவண்டியொன்று ஹோலி குரோவ் என்னுமிடத்துக் கூடாரங்களின் மீது சுட்டுக்கொண்டே சென்றது. செஸ்கோ எஸ்டெப் என்னும் தொழிலாளி உயிரிழந்தார்.

இந்நிகழ்ச்சிகளை இத்துணை விரிவாக நாம் அறிவது எவ்வாறு? அன்னை ஜோன்ஸ் எனப் போற்றப்பட்ட மேரி ஹாரிஸ் ஜோன்ஸ் அம்மையார் 1913 பிப்ரவரியில் சிறைப்படுத்தப்பட்டு, மார்ச்சில் படைத்துறை மன்றத்தில் வேறு பலரோடு உசாவப்பட்டார். அவர் சிறையிலிருந்து மறைவாக விடுத்த செய்தி, இந்தியானாவைச் சேர்ந்த ஜான் கெர்ன் என்னும் செனட்டரை எட்டியது. அவர் கொணர்ந்த தீர்மானத்தின் வழியே செனட்டு அவையின் குழுவொன்று அவ்வாண்டில் நேரிற் சென்று உசாவிற்று. அக்குழுவின்முன் தொழிலாளரும் அவர்தம் மனைவியரும் அளித்த வாக்குமூலங்கள் சொல்லுக்குச் சொல் அச்சேறின. சுரங்கக் காவலர் வீட்டுப் பொருள்களை மழையில் எறிந்ததையும், கூடாரத்தில் குண்டு பாய்ந்த இரவையும் மலைநாட்டுப் பெண்கள் தம் சொந்தப் பேச்சில் கூறினர். அவர்கள் பெயரும் குரலும் வரலாற்றில் இடம்பெற்றமைக்கு அரசாங்கச் சுருக்கெழுத்தாளரே காரணமாவார். அவ்வுசாவல் நிகழாதிருப்பின் அவை அப்பள்ளத்தாக்கிலேயே அடங்கியிருக்கும். படைத்துறை மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்போ எண்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, 1995 இல், எட்வர்டு ஸ்டீல் என்பவரால் நூலாகப் பதிப்பிக்கப்பட்டது.

இப்போராட்டத்தில் சமதருமக் கட்சிக்கு இருந்த பங்கு ஒருகாலத்தில் மிகவும் குறைத்துக் கூறப்பட்டது. 1912 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அக்கட்சி வேட்பாளராகிய யூஜின் டெப்ஸ் மேற்கு வர்ஜீனியாவில் 15,000 க்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். நகர வேட்பாளருக்கு மலைமக்கள் அளித்த வாக்குகள் இவை. சார்லஸ்டன் நகரில் 'லேபர் ஆர்கஸ்', ஹன்டிங்டன் நகரில் 'சோஷலிஸ்ட் அண்ட் லேபர் ஸ்டார்' என இரு வார இதழ்கள் அக்கொள்கையைப் பரப்பின. 1913 மே மாதத்தில் புதிய ஆளுநர் ஹென்றி ஹாட்பீல்டின் ஆணையால் இரண்டும் ஒடுக்கப்பட்டன. ஹன்டிங்டன் அச்சகத்தில் படைவீரர் புகுந்து அச்சுப்பொறியையும் எழுத்துக்களையும் அழித்தனர். இதழின் உரிமையாளர் ஆளுநர்மீது தொடுத்த வழக்கை மாநில உயர்மன்றம் 1914 இல் தள்ளிவிட்டது. ஆளுநரை இவ்வாறு வழக்கில் பொறுப்பாக்குதல் இயலாது என்பது தீர்ப்பு. வழக்கில் தோற்றவர்க்கு இழப்பீடு கிட்டவில்லை. நமக்கோ தீர்ப்புத் தொகுதியில் அந்நிகழ்ச்சி நிலைபெற்றுக் கிடைத்தது.

அவ்விதழில் அந்நாளில் பணியாற்றியவருள் ரால்ப் சாப்ளின் என்னும் இளைஞரும் ஒருவர். உலகெங்கும் தொழிற்சங்கத்தார் பாடும் 'சாலிடாரிட்டி பாரெவர்' என்னும் பாடலுக்கு வித்து இப்போராட்டக் காலத்தில்தான் அவர் உள்ளத்தில் விழுந்தது. 1915 இல் சிகாகோவில் அதனை முடித்தார். இதனையும் உடன்வைத்து எண்ணுமிடத்து, மலைநாடு பிற இடங்களிலிருந்து கருத்தைப் பெற்றதே அன்றித் தானும் பிறவிடங்களுக்கு வழங்கிற்று என்பது புலனாகும். பின்னாளில் பிரெட் பார்க்கி என்பார் மேற்கு வர்ஜீனியச் சமதருமக் கட்சியை 1898 முதல் 1920 வரை ஆராய்ந்து, கண்ணாடித் தொழிலாளர், சுரங்கத் தொழிலாளர் முதலிய உள்ளூர் உழைப்பாளரே அதன் முதுகெலும்பு என்பதை நிறுவினார். அவர் ஆய்வு 1971 இல் பட்ட ஏடாக முடிந்து 2012 இல் நூலாயிற்று. நாற்பதாண்டுக் காலம் அது நூலாகாமலே கிடந்தது.

ஒற்றர் எழுதிய ஏடுகள்

மிங்கோ வட்டத்து மேட்வான் என்னும் சிற்றூரில் 1920 மே 19 ஆம் நாள், தொழிலாளரை வீடுகளிலிருந்து வெளியேற்றிவிட்டுத் திரும்பிய பால்டுவின்-பெல்ட்ஸ் ஆட்களுக்கும், ஊர்க் காவல் தலைவர் சிட் ஹாட்பீல்டு, ஊர்த்தலைவர் டெஸ்டர்மன் ஆகியோர் தரப்பினருக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டது. துப்பறிவோர் எழுவரும், டெஸ்டர்மனும், சுரங்கத் தொழிலாளர் இருவருமாகப் பதின்மர் மாண்டனர். இறந்தவருள் நிறுவனத் தலைவரின் உடன்பிறந்தார் இருவர் உளர்.

அந்நாள்களில் மேட்வானில் சார்லஸ் லைவ்லி என்பவர் ஓர் உணவுக்கடை நடத்தி வந்தார். சங்கத்தார் கூடும் இடத்திற்குக் கீழேயே அக்கடை இருந்தது. அவரும் சங்க உறுப்பினர். ஹாட்பீல்டின் நண்பர் எனவும் கருதப்பட்டவர். 1921 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வில்லியம்சன் நகர வழக்குமன்றத்தில் அரசுத் தரப்புச் சான்றாளராக அவர் எழுந்து நின்று, தாம் பால்டுவின்-பெல்ட்ஸ் ஒற்றர் என வெளியிட்டார். அவ்வூரார் அடைந்த திகைப்பைச் சொல்லவும் வேண்டுமோ! கடையில் உண்டவாறே பேசிய பேச்செல்லாம் புளூபீல்டு நகரிலிருந்த நிறுவனத் தலைமையிடத்திற்கு அறிக்கையாகச் சென்றிருந்தது.

இத்தகைய அறிக்கைகளுட் சில இன்று புளூபீல்டு நகரப் பொது நூலகத்தைச் சார்ந்த கிழக்கு வட்டார நிலக்கரி ஆவணக் களரியில் உள்ளன. இங்கு ஒரு முரண் எழுகின்றது. சங்கக் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பதற்குச் சங்கத்தார் குறிப்பெழுதவில்லை; ஒற்றரே எழுதினார். ஆயின் ஒற்றர் எழுத்தை அவ்வாறே கொள்ளுதல் தகுமா? ஒற்றர் கூலிக்கு எழுதுபவர். ஊரில் அச்சம் மிகுதி எனக் காட்டினால்தான் அவர் வேலை நீடிக்கும். ஆதலின் கிளர்ச்சியின் கடுமையையும் வெளியார் சூழ்ச்சியையும் பெரிதாக்கிக் கூறுதல் அவர்க்கு இயல்பு. மறுபுறம், கூட்டம் நடந்த நாள், இடம், வந்தவர் தொகை ஆகியவற்றில் பொய் கூற அவர்க்குக் காரணம் குறைவு. தலைமையிடம் வேறோர் ஒற்றரைக்கொண்டு அதனைச் சரிபார்த்தல் கூடும். ஒரே கூட்டத்தில் இரண்டு ஒற்றர் ஒருவரையொருவர் அறியாது அமர்ந்திருத்தலும் உண்டு. எனவே இவ்வறிக்கைகளில் நிகழ்ச்சியை ஏற்று, நோக்கம் கற்பிக்கும் பகுதியை விலக்குதல் பொதுவான நெறியாகக் கொள்ளத்தக்கது. இந்நெறி எல்லா இடத்தும் பொருந்தும் என யாம் வற்புறுத்தவில்லை.

ஹாட்பீல்டு 1921 மார்ச்சில் ஜூரிகளால் விடுதலை பெற்றார். ஜூலையில் செனட்டுக் குழுவின்முன் சென்று சான்று பகர்ந்தார். அவர் வாய்ச்சொல்லாக நமக்கு எஞ்சியவற்றுள் பெரும்பகுதி வழக்குமன்றத்திலும் இக்குழுவிலும் கேட்ட கேள்விகளுக்கு அளித்த சுருக்கமான விடைகளே. சில வாரங்களில், ஆகஸ்டு 1 ஆம் நாள், வெல்ச் நகர வழக்குமன்றப் படிக்கட்டுகளில் அவரும் நண்பர் எட் சேம்பர்சும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவருள் லைவ்லியும் ஒருவர். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

பிளேர் மலையும் அதன்பின் நிலவிய அமைதியும்

இக்கொலைகளால் கொதித்தெழுந்த தொழிலாளர் ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் மிங்கோ வட்டத்தை நோக்கிப் படையெனச் சென்றனர். இடையில் லோகன் வட்டத்துப் பிளேர் மலைமுகட்டில் டான் சேபின் என்னும் ஷெரீபு திரட்டிய கூட்டத்தார் அவர்களை எதிர்த்தனர். தொழிலாளர் தொகையைப் பதினாயிரம் என்பார் பலர். ஏழாயிரம் என்பாரும் இருபதாயிரம் என்பாரும் உளர். சேபின் தரப்பினர் வாடகை வானூர்திகளிலிருந்து குண்டு வீசினர். குடியரசுத் தலைவர் ஹார்டிங் கூட்டரசுப் படையை அனுப்பிய பின்னர்த் தொழிலாளர் கலைந்தனர்; அப்படையை எதிர்த்து அவர்கள் சுடவில்லை. நூற்றுக்கணக்கானோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. தலைவருள் ஒருவராகிய பில் பிளிசார்டு நாட்டுத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1922 இல் சார்லஸ் டவுன் நகரில் உசாவப்பட்டார். அடிமைமுறையை எதிர்த்த ஜான் பிரவுனை 1859 இல் உசாவித் தூக்கிலிடத் தீர்ப்பளித்த அதே வழக்குமன்றம் அது. பிளிசார்டு விடுதலை பெற்றார்.

இத்துணைப் பெரிய நிகழ்ச்சி அம்மாநிலப் பள்ளி நூல்களில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. இவ்வமைதி தானே நேர்ந்ததன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1930களில் வேலையற்ற எழுத்தாளர்களைக்கொண்டு கூட்டரசு ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஒரு வழிகாட்டி நூல் எழுதுவித்தது. மேற்கு வர்ஜீனிய நூலில் தொழிலாளர் போராட்டங்கள் இடம்பெற்றதை ஆளுநர் ஹோமர் ஹோல்ட் எதிர்த்தார். அப்பணியை மேற்பார்த்தவர் புரூஸ் கிராபோர்டு. இவர் முன்னர் வர்ஜீனியாவின் நார்ட்டன் ஊரில் இதழ் நடத்தியவர். 1931 இல் ஹார்லன் வட்டத்திற்குச் செய்தி அறியச் சென்றபோது காலில் குண்டடி பட்டவர். ஆளுநர் மாறும்வரை நூல் வெளிவரவில்லை. 1941 இல்தான் வெளிவந்தது. ஆளுநர்க்கும் பதிப்பாளர்க்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து எஞ்சியிருத்தலின், எதை எழுதவிடாமல் தடுத்தனர் என்பதும் எழுதப்பட்டதாயிற்று.

தொழிலாளர் தரப்புத் தலைவருள் தம் கையால் நினைவுகளை எழுதியவர் பிரெட் மூனி. இவர் சங்கத்தின் பதினேழாம் மாவட்டச் செயலாளராகப் பிளேர் மலைக் காலத்தில் விளங்கியவர். கனாவாப் பள்ளத்தாக்கிற் பிறந்தவர். 1952 இல் மறைந்தார். அவர் கையெழுத்துப் படியை மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழக நூலகம் 1967 இல் பதிப்பித்தது. வெளியார் தூண்டிய கிளர்ச்சி என்னும் வாதத்திற்கு மூனியின் பிறப்பிடமும் கேபின் கிரீக்கில் பிறந்த தலைவர் பிராங்க் கீனியின் பிறப்பிடமுமே போதிய மறுப்பாகும்.

இதனால் தொழிலாளர் தரப்பு எழுத்தெல்லாம் பிழையற்றது என எண்ணுதல் கூடாது. அன்னை ஜோன்ஸ் தாம் 1830 மே முதல் நாளில் பிறந்ததாகக் கூறிவந்தார். மே முதல் நாள் தொழிலாளர் திருநாள் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. அயர்லாந்தின் கார்க் நகரத் திருச்சபைப் பதிவேடோ அவர் 1837 இல் திருமுழுக்குப் பெற்றதைக் காட்டுகின்றது. 1925 இல் வெளிவந்த அவர்தம் தன்வரலாற்றில் ஆண்டுகள் முன்பின்னாக மாறிக் கிடத்தலும் ஆய்வாளர் அறிந்ததே. போராட்டத்திற்கு மூதாட்டியின் தோற்றம் பயன்பட்டது. அவர் அதனைப் பயன்படுத்தினார். இதனைச் சுட்டுதல் அவர் பெருமைக்கு இழுக்காகாது.

ஏடு பறித்த வழக்கு

ஒடுக்குவோரே ஆவணம் தொகுக்கும் இவ்வியல்பு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தொடர்ந்தது. 1932 இல் மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்டும் டென்னசியின் மான்டீகில் ஊரருகே ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளியை நிறுவினர். தொழிற்சங்கத்தாரும், பின்னர் குடியுரிமை இயக்கத்தாரும் அங்குப் பயின்றனர். ரோசா பார்க்ஸ் அம்மையார் 1955 கோடையில் அங்குச் சென்றிருந்தார். 1959 இல் அதிகாரிகள் அப்பள்ளியைச் சோதனையிட்டனர். 1961 இல் அதன் உரிமம் பறிக்கப்பட்டு உடைமைகள் ஏலம் விடப்பட்டன. அப்பள்ளி வேறு பெயரில் நாக்ஸ்விலில் தொடர்ந்து, பின் நியூ மார்க்கெட் ஊரில் நிலைகொண்டது. அதன் ஏடுகளிற் பெரும்பகுதி நெடுந்தொலைவிலுள்ள விஸ்கான்சின் மாநில வரலாற்றுக் கழகத்தின் காப்பில் வைக்கப்பட்டது. சொந்த மாநிலத்தில் வைத்தற்கு அஞ்சிய நிலையை இது காட்டுகின்றது எனலாம்.

1967 ஆகஸ்டு 11 ஆம் நாள் கெண்டக்கியின் பைக் வட்டத்தில் நிகழ்ந்தது இதனினும் வியப்பானது. ஆலன் மக்ஷூர்லி, அவர் மனைவி மார்கரெட் என்னும் இருவர் அங்கு வறியோர் நடுவில் பணியாற்றி வந்தனர். இராசத்துரோகச் சட்டத்தின்கீழ் அவர்கள் வீட்டைச் சோதனையிட்டோர் நூல்கள், கடிதங்கள், நாட்குறிப்பு உள்ளிட்ட எல்லாவற்றையும் அள்ளிச் சென்றனர். அடுத்த திங்களாகிய செப்டம்பரில் அச்சட்டமே செல்லாதென மூவர் அடங்கிய கூட்டரசு மன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் செனட்டர் மெக்கிளெல்லன் தலைமையில் அமைந்த குழுவின் ஆட்கள் அவ்வேடுகளைப் பார்த்துப் படியெடுத்துக்கொண்டனர். அந்தரங்கக் கடிதமும் அதற்குத் தப்பவில்லை. பின்னர்க் குழு ஏடுகளைக் கேட்டு ஆணை விடுத்தபோது இருவரும் மறுத்தனர். அவமதிப்புக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றனர். 1972 இல் மேல்முறையீட்டு மன்றம் அத்தண்டனையை நீக்கியது. அவர்கள் தொடுத்த வழக்கில் 1983 இல் ஜூரிகள் பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட இழப்பீடு அளித்தனர். மேல்முறையீட்டில் அத்தொகை குறைந்தது.

ஒரு குடும்பத்தின் அலமாரியிலிருந்த தாள்கள் பதினாறாண்டு வழக்கிற்குப் பொருளாயின. இவ்வழக்கின் தீர்ப்புக்களைப் படிக்கும் ஆய்வாளன் ஒன்றை மறத்தல் ஆகாது. பறிக்கப்பட்ட ஏட்டை ஆவணமாகக் கொண்டு ஆராயும்போது அவனும் அவ்வீட்டின் கதவைத் திறந்து நுழைந்தவருள் ஒருவனாகின்றான். தன்வாழ்வின் தாள்கள் பிறர் கண்ணுக்கு உரியன அல்ல என்று சிறைத்தண்டனைக்கும் அஞ்சாது நின்றவரின் தாள்கள் அவை. அரசு வெளியிட்ட வாக்குமூலத்தைப் பயன்படுத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. தீர்ப்பில் நீதிபதிகள் குறித்துள்ள அளவிற்கு மேல் நாடாமையே தக்கது என யாம் கருதுகின்றோம். இதனை மறுத்துரைப்பாரும் இருத்தல் கூடும்.

ஒலிநாடாவும் ஆற்று வெள்ளமும்

1970களில் நிலைமை மாறலாயிற்று. 1913 இல் அச்சுப்பொறி உடைக்கப்பட்ட ஹன்டிங்டன் நகரிலேயே மாணவர் சிலர் 'அப்பலாச்சிய இயக்க அச்சகம்' ஒன்றை நிறுவிப் பழைய போராட்ட ஏடுகளை மலிவான குறுநூல்களாக வெளியிட்டனர். கெண்டக்கி, வர்ஜீனியா, வட கரோலினாவிலுள்ள நான்கு கல்லூரிகள் கூடி முதியோரின் வாய்மொழிகளை ஒலிநாடாவில் பதிந்தன. அவற்றிலிருந்து தொகுத்த நூல் 1977 இல் வெளிவந்தது. ஜான்சன் நகரிலுள்ள கிழக்கு டென்னசிப் பல்கலைக்கழகம் 1978 இல் அப்பலாச்சிய ஆவணக் களரியைத் தொடங்கிற்று. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைமை அலுவலக ஏடுகள் பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. அலெசாண்டிரோ போர்ட்டெல்லி என்னும் இத்தாலிய அறிஞர் 1970கள் முதல் ஹார்லன் வட்டத்திற்குப் பன்முறை சென்று மக்கள் பேச்சைப் பதிந்து 2011 இல் பெருநூலாக்கினார். வாய்மொழி பிழைபடும் இடத்திலும் பொருளுடையது என்பது அவர் கொள்கை. நிகழ்ச்சியின் நாளை மறந்தவர் அதன் வடுவை மறப்பதில்லை.

இயக்கத்தாரின் ஏடுகள் இயக்கத்தார் கைக்கே வந்த இக்காலத்தில் தீயும் நீரும் பகையாயின. 2019 மார்ச் 29 ஆம் நாள் ஹைலாண்டர் நிலையத்தின் முதன்மை அலுவலகம் தீக்கிரையாயிற்று. பல பத்தாண்டு ஏடுகள் அழிந்தன. விஸ்கான்சினில் இருந்தவை தப்பின. கெண்டக்கியின் வைட்ஸ்பர்க் ஊரில் 1969 இல் தொடங்கிய ஆப்பல்ஷாப் என்னும் கலைநிலையம் மலைமக்களின் திரைச்சுருளும் ஒலிநாடாவும் சேர்த்து வைத்திருந்தது. 2022 ஜூலை இறுதியில் பெருகிய ஆற்று வெள்ளம் அவ்வறைகளுட் புகுந்தது. சேறு படிந்த சுருள்களைக் கழுவி உலர்த்தும் பணியை அங்குள்ளோர் மேற்கொண்டனர். முதலாளிகளின் கடிதக் கட்டுகளுக்கு உள்ள கற்கட்டடமும் தீக்காப்பும் இவற்றுக்கு வாய்க்கவில்லை.

ஏட்டிலன்றி நிலத்திலும் சான்று உண்டு. 2006 இல் பிளேர் மலைமுகட்டைத் துருவி ஆராய்ந்தவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக் கூடு முதலிய பொருள்களைக் கண்டெடுத்து, எங்கெங்கே எத்தரப்பினர் நின்று சுட்டனர் என்பதை வரைபடமாக்கினர். 2009 இல் அம்மலை தேசிய வரலாற்று இடங்களின் பதிவில் ஏற்றப்பட்டு, அவ்வாண்டு இறுதியிலேயே நீக்கப்பட்டு, நெடிய வழக்கிற்குப் பின் 2018 இல் மீண்டும் ஏற்றப்பட்டது. அதன் அடியிலும் நிலக்கரி உண்டு என்பதை அறிந்தார்க்கு இவ்விழுபறியின் காரணம் விளங்கும்.

இனிப் பாட்டும் வரலாற்றுச் சான்றாகுமா என்னும் வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. 1931 இல் ஹார்லன் வட்டத்தில் ஷெரீபின் ஆட்கள் தம் வீட்டைச் சூழ்ந்து கணவரைத் தேடிச் சென்றபின், புளோரன்ஸ் ரீஸ் என்னும் அம்மையார் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தாளொன்றைக் கிழித்து அதன்மேல் ஒரு பாட்டு எழுதினார் என்பது அவர் பின்னாளிற் கூறிய செய்தி. அவ்வட்ட ஷெரீபின் பெயர் அப்பாட்டில் வெளிப்படையாகவே வருகின்றது. அவ்வாண்டு நவம்பரில் தியோடர் டிரைசர் தலைமையில் அங்குச் சென்ற எழுத்தாளர் குழு தொகுத்து 1932 இல் வெளியிட்ட வாக்குமூலங்களோடும், 1937 இல் செனட்டர் லாபாலெட்டின் குழு அவ்வட்டத்துக் காவலரைப் பற்றித் திரட்டிய சான்றுகளோடும் இத்தகைய பாடல்களை ஒப்புநோக்குமிடத்துக் கிடைக்கும் செய்திகள் பல. அவற்றைப் பிறிதொருகால் தனியே ஆராய்வாம்.